ஜன்னலோரக் குதிரை

காலை 11.25.

வெந்நீர் காலில் கொட்டினால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்கிற ஆள் டீக்கடை செல்லையா. ஐம்பது வயதில் அவன் வாய்விட்டுக் கத்தி யாரும் கேட்டதில்லை. அன்று யாங்கோனின் தாமுவே வட்டாரக் கல்யாண மண்டபத்தின் மாடியிலிருந்து கத்தினான்.

"மஞ்சுளாம்மா! மேல வாங்க! ஒரு குதிரைக்குக் கால் போச்சு!"

கீழே சாப்பாட்டுக் கூடத்தில் லப்பெயே என்கிற பர்மியப் பால்டீயைக் குடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்கள். மாடியில் நின்றவை மூன்று குதிரைகள். மூன்றுக்கும் சொந்தக்காரர்கள் அந்த ஐவரில் இருந்தார்கள். முதலில் பாய்ந்தவன் ரமேஷ்குமார்; நாற்பது வயது, டயர் வியாபாரம், மணிக்கட்டில் தங்கச் சங்கிலி. அடுத்தவள் அமலி, இடுப்பில் கட்டிய லோங்ஜிக் கைலியைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி. அவளுக்குப் பின்னால் ஓடிய மூன்றாவது குதிரைக்காரப் பையன் அஷ்ஃபாக்குக்குப் படி தடுக்கியது. அமலியின் அப்பா பிரான்சிஸ் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"மனசை விட்றாத தம்பி. சின்ன வயசு. இன்னொண்ணு செஞ்சுக்கலாம்."

கடைசியாக ஏறியவள் மஞ்சுளா. முட்டிவலிக்காரி. முட்டிவலியில் ஒரு லாபம் உண்டு: முன்னால் போகிறவர்களின் முதுகெல்லாம் நன்றாகத் தெரியும்.

மாடிக் கூடத்தில் வெள்ளைத்துணி விரித்த மூன்று மேஜைகள். ஜன்னலோர மேஜையில் பழுப்புக் குதிரை ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. முன்னங்கால் முட்டியோடு ஒடிந்து தனியே கிடந்தது. சவாரிக்காரப் பொம்மை, தலையில் தொப்பி கழலாமல், முகங்குப்புற விழுந்திருந்தான். எதிரே நின்ற பொம்மைக் கன்றுக்குட்டி மட்டும் 'எனக்கென்ன' என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அமலி பக்கத்தில் போய் நின்றாள். அழவில்லை.

"என்னுது," என்றாள். பிணவறையில் துணியை விலக்கிப் பார்த்தவர்கள் சொல்வார்களே, அந்தக் குரலில்.

*

ஒரு சாண் உயரப் பிளாஸ்டிக் குதிரைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். இந்தப் பைத்தியத்துக்கு மாடல் குதிரை ஷோ என்று பெயர். அதில் அமெரிக்க மாட்டுக்காரர் பாணியில் 'வெஸ்டர்ன் பெர்ஃபார்மன்ஸ்' என்று ஒரு பிரிவு. குதிரை ஓடாது, நடக்காது, ஒரு தும்மல்கூடப் போடாது. ஆனால் ஓடுகிற குதிரையைக் கண்சிமிட்டும் நேரத்தில் அப்படியே நிறுத்திவைத்ததுபோல் இருக்க வேண்டும். சேணம், கடிவாளம், வார், கொக்கி எல்லாம் நகத்தளவில், நிஜத் தோலில்.

அன்றைய கடைசிப் போட்டி கன்று பிரித்தல். மந்தையிலிருந்து விலகிய கன்றைக் குதிரை தன் புத்தியாலேயே மறித்து நிற்க வேண்டும். சவாரிக்காரன் கடிவாளத்தைத் தளர விட்டு, ஒரு கையால் சேணத்தின் கொம்பைப் பிடித்திருக்க வேண்டும். கடிவாளம் நூலளவு இறுகியிருந்தாலும் 'குதிரைக்குப் பதில் நீ வேலை செய்கிறாய்' என்று மதிப்பெண்ணைக் கழித்துவிடுவார்கள்.

முதல் பரிசு ஒரு நீலநிற ரிப்பன். ரிப்பனுக்காக மட்டும் யாரும் இங்கே வரவில்லை. நடுவர் டோ ஸபே, எல்லோருக்கும் 'சயாமா', அதாவது டீச்சர், பாங்காக்கிலிருந்து வந்திருந்தார். அங்கே அவருக்கு ஒரு பட்டறை. எட்டுப் பெண்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இந்தச் சின்னச் சேணங்களைத் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஒன்பதாவது நாற்காலி காலியாக இருந்தது. கடைசிப் போட்டியைப் பார்த்துவிட்டு ஒருவரைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். வேலை, தங்க இடம், அனுமதிச் சீட்டு எல்லாம் அவர் பொறுப்பு.

அமலிக்கு இருபத்து மூன்று வயது. பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். வீட்டில் வைத்தால் அதற்கே மனசு மாறிவிடும் என்று பயந்தவள்போல. இந்த நாளில் யாங்கோனில் இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. எப்போது என்றுதான் கேட்கிறார்கள்.

மஞ்சுளா மூவருக்கும் பொது ஆள். தாமுவே மார்க்கெட்டில் பட்டன், கொக்கி, தோல்துண்டு விற்கிற கடைக்காரி. அமலியும் அஷ்ஃபாக்கும் எந்தத் தோலை எத்தனை முறை தடவிப் பார்த்து வாங்கினார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அதனால்தான் மேஜைப் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

"போலீஸைக் கூப்பிடலாமா?" என்றான் ரமேஷ்குமார்.

"ஒரு சாண் குதிரைக்கா? வந்தா குதிரையை விட்டுட்டு இங்க இருக்கிறவங்க வயசைக் கேட்டுப் பட்டாளத்துக்குப் பேர் எழுதிப்பாங்க," என்றாள் மஞ்சுளா. "கதவைச் சாத்து. யாரும் எதையும் தொடாதீங்க. நான் கேக்கிறதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க."

*

11.35.

"காலைல ஒன்பது மணிக்கு யார் குதிரை எங்க நின்னுச்சு?"

"கதவுகிட்ட என்னுது," என்றாள் அமலி. "டாடிதான் பெட்டியைத் தூக்கிவந்து அந்த மேஜைல வச்சாரு. நடுவுல ரமேஷ் அண்ணனோட வெள்ளைக்குதிரை. ஜன்னல்கிட்ட அஷ்ஃபாக்."

"அப்புறம்?"

"ஒன்பதரைக்கு டாடி சர்ச்சுக்குப் பூசைக்குப் போனாரு. பத்து இருபதுக்குக் கரண்ட் போச்சு. கதவுப்பக்கம் ஒரே இருட்டு. அஷ்ஃபாக்தான் இடம் மாத்திக்கலாமான்னு கேட்டான்."

"ஏன் தம்பி கேட்ட?"

அஷ்ஃபாக் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அமலி சேணத்துல பூவேலை இருக்கு ஆன்ட்டி. வெளிச்சம் இல்லாட்டி அது தெரியாது. என்னுது வெறும் சேணம். இருட்டுல நின்னாலும் அதேதான்."

உண்மை. இரண்டு குதிரைகளும் ஒரே அச்சில் வார்த்தவை. ரமேஷ்குமார் பாங்காக்கிலிருந்து ஒரே பெட்டியில் தருவித்தவை. இரண்டுக்கும் பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி. தன் குதிரைக்கு இடது கண்ணை மட்டும் நீலமாகத் தீட்டியிருந்தாள் அமலி. மேஜைத்துணியும் ஒரே வெள்ளை. காலில் கட்டிய பெயர்ச்சீட்டு நடுவர் பார்வைக்குப் படாமல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதைத் திருப்பிப் பார்ப்பவன் இந்த உலகத்தில் செருப்போடு கோயிலுக்குள் நுழைந்தவன்.

"எத்தனை மணிக்கு எல்லாரும் கீழ எறங்கினோம்?"

"பதினொண்ணு அஞ்சு," என்றான் ரமேஷ்குமார். "பதினொண்ணு பத்துக்கு மழை புடிச்சுது. நான் சமோசாவைக் கடிச்ச நேரம், நல்லா ஞாபகம் இருக்கு. அக்கா, நான் நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்லை. அமலியும் எந்திரிக்கலை. எந்திரிச்சது ஒரே ஆள்."

எல்லாத் தலையும் அஷ்ஃபாக் பக்கம் திரும்பியது.

"பின்பக்கப் படில பாதி வழியில பேட்டரில போன் சார்ஜ் போட்டிருந்தேன்," என்றான். "அதை எடுத்துட்டு வந்தேன். உள்ள போகலை."

"பார்த்தது யாரு?"

"யாரும் பார்க்கலை."

"ஒரு குதிரைக் காலை ஒடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ரமேஷ்குமார் கூரையைப் பார்த்துக் கேட்டான்.

மஞ்சுளா பிரான்சிஸ் பக்கம் திரும்பினாள். ஐம்பத்தேழு வயது. தின்கன்ஜூனில் வீடு, ஆற்றங்கரையில் சரக்கு ஆபீஸில் குமாஸ்தா. சட்டைப்பையில் இரண்டு பேனா. "பிரான்சிஸண்ணே, நீங்க எப்ப வந்தீங்க?"

"நீதான் பார்த்தியேம்மா. பதினொண்ணு இருபது. பஸ்ஸை விட்டு எறங்கி நேரா டீ மேஜைக்குத்தான் வந்தேன்."

பார்த்திருந்தாள். வந்ததும் நாடா கட்டிய குடையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்து சமோசாவை எடுத்தார். குடை இப்போதும் கீழே அந்த நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இடம் மாத்தினது உங்களுக்கு எப்ப தெரியும்?"

பிரான்சிஸ் முகத்தைத் துடைத்தார். மின்விசிறி ஓடாத கூடம், எல்லோருக்கும் வேர்த்தது. "இப்பத்தான். இவ சொல்லித்தான்." ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குனிந்து சட்டைப்பைப் பேனா இரண்டையும் எடுத்து மறுபடி செருகினார். பிறகு நிமிர்ந்தபோது குரலில் ஒரு கூர்மை வந்திருந்தது. "அது சரி, ஜன்னல் இடத்தைச் சும்மா எவனாவது விட்டுக்குடுப்பானா? இந்தக் காலத்துல? அதைக் கேளு மஞ்சுளா."

கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு கேள்வி போதும், சந்தை கூடிவிட்டது.

*

11.50.

அஷ்ஃபாக்கின் பெட்டியை ரமேஷ்குமார் தலைகீழாகக் கவிழ்த்தான். ஊசி, நூல், ஒட்டு மெழுகு, பல்மருத்துவர் வைத்திருப்பதுபோன்ற சின்ன இடுக்கி, அம்மா சுல்தான் பீவி கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலம், எல்லாம் தரையில் உருண்டன.

"இடுக்கி!" என்றான் ரமேஷ்குமார்.

"உங்ககிட்டயும் இருக்கு அண்ணே. அமலிகிட்ட மூணு இருக்கு."

"நான் எங்க இடம் விட்டுக்குடுத்தேன்? ஏன்டா, இவ்வளவு நல்லவனா நீ? இவ்வளவு நல்லவனை நான் எங்க கடை வாசல்லகூட நிக்க விடமாட்டேன்."

சோற்றுப் பொட்டலத்தை மிதித்துக்கொண்டே சட்டைப்பையைத் தடவினான். அஷ்ஃபாக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். சோதனைச் சாவடியில் நின்று பழகிய கைகள்.

"ஒத்துக்கிட்டா விட்ருவோம் தம்பி," என்றார் பிரான்சிஸ், நாற்காலியில் இருந்தபடியே. "பெரிசாக்க வேண்டாம். ஒரு வார்த்தை சொல்லிடு."

"நான் செய்யலை அங்கிள்."

"பாரு, மன்னிப்புக்கூட கேக்கத் தெரியலை."

மஞ்சுளா சுவரோரமாக நின்றாள். படியேறியபோது காதில் விழுந்த ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அவள் கடைக்காரி. சரக்கை முழுதாகப் புரட்டிப் பார்க்காமல் விலை சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. இன்னும் கொஞ்சம் புரளட்டும் என்று நின்றாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அமலி கதவோர மேஜைக்குப் போனாள்.

அஷ்ஃபாக்கின் குதிரைமேலிருந்து சேணத்தை உருவினாள். தொடாதே என்பதுதான் இந்த ஆட்டத்தின் முதல் விதி. அதைத் தெரிந்தேதான் தொட்டாள். இடுக்கியால் கொம்பைப் பிடித்துத் திருகினாள். கால்மிதிகளைப் பிய்த்தாள். வயிற்று வார்கள் இரண்டையும் இழுத்து அறுத்தாள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். தைக்கத் தெரிந்த கைக்குத்தான் எங்கே இழுத்தால் முழுதும் பிரியும் என்று தெரியும்.

"எத்தனை மாசம்டா இது?" என்று கேட்டாள்.

"நாலு."

"என்னுது ஏழு."

கடைசித் துண்டைக் கீழே போட்டாள். அஷ்ஃபாக் கையை இறக்கினான். குனிந்து, துண்டுகளைப் பொறுக்கி, நூல் வைத்திருந்த தகர டப்பாவில் போட்டுக்கொண்டான்.

வாசலில் டோ ஸபே நின்றிருந்தார். எப்போதிலிருந்து என்று யாரும் கவனிக்கவில்லை. அறுபது வயது, தலையை ஒட்ட வெட்டிய நரைமுடி.

"பன்னிரண்டரைக்கு மேஜைகளைப் பார்ப்பேன்," என்றார் பர்மியத்தில். "எது எப்படி நிற்கிறதோ, அப்படியே."

*

12.10.

மஞ்சுளா ஒடிந்த குதிரைக்கு முன்னால் குனிந்து, தொடாமல், மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தாள். பிறகு கீழே போய், பிரான்சிஸின் குடையைக் கொண்டுவந்தாள்.

"எல்லாரும் இங்க வாங்க. செல்லையா, நீயும் வா. சயாமா, நீங்களும் கேளுங்க."

வந்தார்கள்.

"இந்த மேஜைல மதிப்புள்ளது எது? ரமேஷ், நீ சொல்லு."

"சேணம். ஏழு மாச வேலை. குதிரை என்னக்கா, பிளாஸ்டிக். நான் எழுதிப்போட்டா அடுத்த மாசம் ஆறு வரும்."

"ஒடிஞ்ச காலுக்கு?"

"உள்ள ஒரு கம்பியைச் செருகி ஒட்டலாம். ராத்திரி ஒட்டினா காலைல நிக்கும்."

"அப்ப, இந்த ஆட்டம் தெரிஞ்ச ஒருத்தன் அமலியைக் கவுக்கணும்னா எதைத் தொடுவான்?"

பதில் அஷ்ஃபாக்கிடமிருந்து வந்தது, தரையைப் பார்த்தபடியே. "கடிவாளத்தை ஒரு நூல் இழுத்துவிட்டா போதும் ஆன்ட்டி. யாருக்கும் தெரியாது. நடுவர் மட்டும் கண்டுபிடிப்பாங்க."

"இல்லாட்டி சேணத்தைப் பிய்ப்பான்," என்றாள் மஞ்சுளா. "அமலி செஞ்ச மாதிரி. ஆனா இங்க பாருங்க. சேணத்துல ஒரு கீறல் இல்லை. பட்டுச்சேலையை விட்டுட்டு அது சுத்தி வந்த காகிதத்தைக் கிழிச்சிருக்கான். இவன் ஆட்டக்காரன் இல்லை. குதிரைப் போட்டின்னா குதிரைதான் பெரிசுன்னு நெனச்ச வெளியாளு. வெளியாளு இங்க ரெண்டே பேரு. ஒண்ணு செல்லையா."

"அம்மா, என் புள்ளைங்க மேல சத்தியமா..."

"நீ சும்மா இரு. இன்னொண்ணு பிரான்சிஸண்ணன்."

கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. ரமேஷ்குமாரின் சிரிப்பு. "அக்கா, அவரு பெத்த பொண்ணு குதிரை அது!"

மஞ்சுளா குடையைத் தூக்கிக் காட்டினாள். "பதினொண்ணு பத்துக்கு மழை. பதினொண்ணு இருபதுக்கு 'பஸ்ஸை விட்டு இப்பத்தான் எறங்குறேன்'னு வர்றாரு. குடை நாடாகூட அவுக்கலை, சட்டைல ஒரு சொட்டு இல்லை. மழைக்கு முன்னாடியே கட்டடத்துக்குள்ள வந்தாச்சு. முன்பக்கப் படில ஏறி, வேலையை முடிச்சு, எறங்கி, வராந்தாவுல நின்னு, நேரம் பார்த்து டீக்கு வந்திருக்காரு."

"வராந்தாவுல மழை விடட்டும்னு நின்னேன்," என்றார் பிரான்சிஸ். "அது ஒரு குத்தமா?"

"இல்லைண்ணே. இப்ப இதைச் சொல்லுங்க. செல்லையா மேலேருந்து என்னன்னு கத்தினான்?"

"ஒரு குதிரைக்குக் கால் போச்சுன்னு."

"எந்தக் குதிரைன்னு சொன்னானா?"

செல்லையாவே தலையாட்டினான். "எனக்கு யாரு குதிரைன்னு பார்க்கவே தோணலைம்மா அப்ப. பதறிட்டேன்."

"மூணு குதிரை. மூணு சொந்தக்காரங்க. மூணு பேரும் என்னுதா என்னுதான்னு ஓடுறாங்க. படில உங்க முன்னாடி ஓடினது உங்க சொந்தப் பொண்ணு. அவளை விட்டுட்டு இந்தப் பையன் தோளைப் புடிச்சு, 'மனசை விட்றாத தம்பி, இன்னொண்ணு செஞ்சுக்கலாம்'னு ஆறுதல் சொன்னீங்க. செத்தது யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே துக்கம் கேட்டீங்க. ஒடிஞ்சது அஷ்ஃபாக் குதிரைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிரான்சிஸ் முகத்தை மறுபடி துடைத்தார்.

"ஜன்னல் மேஜை அஷ்ஃபாக்கோடதுன்னு காலைல பார்த்துட்டுப் போனீங்க. பத்து இருபதுக்கு இடம் மாறினப்ப நீங்க பூசைல இருந்தீங்க. இந்த ரூம்ல இருந்த ஒவ்வொருத்தருக்கும் ஜன்னல்கிட்ட நிக்கிறது அமலி குதிரைன்னு தெரியும். தெரியாத ஆள் ஒருத்தருதான்."

"இருக்கட்டும் அக்கா," என்றான் ரமேஷ்குமார், இப்போது சிரிக்காமல். "மேஜை மாறினாலும் குதிரையைப் பார்த்தாத் தெரியாதா? சொந்த மக செஞ்சது."

"அதையும் பார்த்துடுவோம்."

சேணமில்லாத அஷ்ஃபாக்கின் குதிரையை அவனிடமே கொண்டுவரச் சொன்னாள். ஒடிந்த குதிரையின் சேணத்தை அமலி கழற்றினாள். விரல்கள் இரண்டுமுறை தவறின. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கால் தெரியாதபடி வயிறுவரைக்கும் துண்டால் சுற்றினாள் மஞ்சுளா. இரண்டு பழுப்புக் கழுத்து, இரண்டு கறுப்புப் பிடரி, இரண்டு முகம்.

"செல்லையா, இதுல அமலி பாப்பாவோடது எது?"

காலையிலிருந்து இரண்டுமுறை டீ கொண்டுவந்தவன், அவ்வளவுதான். எட்டிப் பார்த்தான். "இதும்மா. நீலக்கண்ணு."

"பிரான்சிஸண்ணே, நீங்க."

பிரான்சிஸ் எழுந்து வந்தார். மூன்று வருடமாக இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இறங்கியவர். குதிரைகளைப் பார்க்கவில்லை, மகள் முகத்தைப் பார்த்தார், பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சைப் பார்ப்பதுபோல. அமலி கண்ணை மூடிக்கொண்டாள். செல்லையா சொன்னதுகூட அவர் காதில் ஏறவில்லை போலும். கை மேலெழுந்து, அஷ்ஃபாக்கின் குதிரையைக் காட்டியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"அவன் நல்லா தைக்கிறான்னு நீதானே சொன்ன பாப்பா," என்றார் மெல்ல. "ராத்திரியெல்லாம் புலம்பினியே. சயாமா அவனைத்தான் கூட்டிட்டுப் போவாங்கன்னு. உன்னை எப்படியாவது இந்த ஊரை விட்டு..." மஞ்சுளா பக்கம் திரும்பினார். "இதைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே நீ. என் பொண்ணு முன்னாடியா?"

"இந்தப் பையன் பெட்டியை எல்லார் முன்னாடியும்தான் கவுத்தாங்க. 'ஒத்துக்கிட்டா விட்ருவோம்'னு நாற்காலில உக்கார்ந்து பார்த்தீங்க. மொத்தத்துல வித்ததைச் சில்லறைல திருப்பி எடுக்க முடியாதுண்ணே."

அப்போது டோ ஸபே பேசினார். பர்மியத்தில், மஞ்சுளாவைப் பார்த்து.

"உங்களுக்கு இது எப்போது தெரியும்?"

"படியிலேயே சந்தேகம் வந்தது சயாமா. குதிரை அமலியுடையது என்று தெரிந்ததும் உறுதியாகிவிட்டது. பதினொன்று முப்பது இருக்கும்."

"அந்தப் பையனின் சேணம் பிய்ந்தது பதினொன்று ஐம்பதுக்கு."

மஞ்சுளா அஷ்ஃபாக்கின் தகர டப்பாவைப் பார்த்தாள். குடையைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

*

12.30.

சொன்ன நேரத்துக்கு டோ ஸபே மேஜைகளைச் சுற்றி வந்தார். கதவோரம் சேணமில்லாத குதிரை. ஜன்னலோரம் குதிரையில்லாத சேணம். இரண்டும் ஒரே அச்சு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பொருந்தும். அது எல்லோருக்கும் தெரிந்தது. பிரான்சிஸ்தான் வாய்விட்டுக் கேட்டார்.

"தம்பி அஷ்ஃபாக்... ஒரு அஞ்சு நிமிஷத்துக்கு உன் குதிரையை..."

"டாடி, வேணாம்," என்றாள் அமலி.

அஷ்ஃபாக் குதிரையை எடுத்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

நீலரிப்பன் நடுமேஜைக்குப் போனது. ஒரு தையல்கூடத் தானே போடாத, வெளிநாட்டில் முழுதாக வாங்கிய வெள்ளைக்குதிரை. ரமேஷ்குமார் ரிப்பனை வாங்கினான். எங்கே குத்திக்கொள்வது என்று தெரியாமல் பையில் திணித்தான்.

டோ ஸபே அமலியின் சேணத்தை உள்ளங்கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து நாற்பதுக்கே இதைப் பார்த்துவிட்டேன்," என்றார். "அப்போதே முடிவு செய்துவிட்டேன், நீதான் என்று. போட்டியைக்கூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குதிரைக்கு நாலு கால் இருந்தால் என்ன, மூன்று இருந்தால் என்ன? நான் குதிரை தைக்கவில்லையே."

அமலியின் கை தானாகக் கைப்பைக்குப் போனது.

"என் பட்டறையில் எட்டுப் பேருக்கு ஒரே மேஜை. ஒருத்தி வேலை இன்னொருத்தி கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கும். அங்கே தினமும் ஏதாவது காணாமல் போகும், உடையும், யாரோ யாரையோ சந்தேகப்படுவார்கள்." சேணத்தை மேஜையில் வைத்தார். அதை வைத்த விதத்தில் அவ்வளவு மரியாதை இருந்தது. "இவன் தையல் உன் தையலில் பாதிகூட இல்லை. தையலை நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன்."

அஷ்ஃபாக்கிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். "வியாழக்கிழமை. பாஸ்போர்ட் இருக்கிறதா?"

"எடுத்துடுவேன் சயாமா."

அவன் முகத்தில் சந்தோஷம் வர முயன்றது. வழி தெரியாமல் திரும்பிப் போனது. காகிதத்தைத் தகர டப்பாவில், பிய்ந்த துண்டுகளோடு வைத்துக்கொண்டான்.

அமலி அவனிடம் போனாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று மஞ்சுளா நினைத்தாள். கேட்டிருக்கலாம், வாய் திறக்கவும் செய்தது.

"யாபாடே," என்றான் அஷ்ஃபாக், பார்க்காமலே. பரவாயில்லை என்று அர்த்தம். கதவைச் சாத்துகிற ஓசைக்கும் அதே அர்த்தம்தான் உண்டு.

மழை மறுபடி பிடித்திருந்தது. பிரான்சிஸ் பழக்கத்தில் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது பாதியில் நின்றார்.

"உனக்காகத்தான் பாப்பா ஒடிச்சேன். சத்தியமா உனக்காகத்தான்."

"தெரியும் டாடி," என்றாள் அமலி. "நான் பிச்சது எனக்காக. நடங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்ஸுதான்."